எமர்ஜென்சிக்கு வரும் பீடி, சிகரெட் பழக்கக்காரர்களுக்கு அங்கேயே என்ன தொடங்கலாம்?

கேள்வி: வார்டு_விளக்கு (தர்மபுரி)

எல்லாருக்கும் வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸ்களுக்காக ஒரு நடைமுறைக் குறிப்பு தயார் பண்றேன். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விரல் கருத்துப்போன கால், தொப்பூர் கணவாய்ப் பக்கத்து லாரி விபத்துன்னு எது வந்தாலும் சரி, ஆம்பளை நோயாளியோட சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து பீடிக்கட்டோ தீப்பெட்டியோ விழறது சகஜம். நாம செய்யறது என்ன? டிஸ்சார்ஜ் சம்மரியில ஆங்கிலத்துல "புகைப்பதை நிறுத்தவும்"னு ஒரு வரி. அவ்வளவுதான்.

இங்கிலாந்துல 'கோஸ்டெட்'னு ஒரு ஆய்வு. 2024-ல முடிவு வந்தது. அவசரப் பிரிவுலயே 15 நிமிஷம் வரைக்கும் பேசி, கையில இ-சிகரெட் கிட் கொடுத்து, புகை விடுவிப்பு சேவைக்கும் பேரை அனுப்பியிருக்காங்க. 6 மாசம் கழிச்சு பரிசோதனையில உறுதியானபடி 7.2 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க. சும்மா முகவரி மட்டும் கொடுத்து அனுப்பினவங்கள்ல 4.1 சதவீதம். இங்கே இ-சிகரெட் 2019 சட்டப்படி தடை. அப்போ நாம கையில எதைக் கொடுக்கறது? யாரை, எந்த நேரத்துல கேட்கணும்? பீடியை எப்படிக் கணக்கு எடுக்கறது? வீட்டுக்குப் போன பிறகு யார் தொடர்றது? கூட்டமான டியூட்டியிலயும் செய்யக்கூடியதா சொல்லுங்க.

பதில் 1: இரவு_டியூட்டி (அவசர மருத்துவம், கிருஷ்ணகிரி)

சிஸ்டர், முதல்ல அந்த எண்ணையே நல்லாப் பாருங்க. 7.2-ங்கறது 100 பேர்ல 7 பேர். அவசரப் பிரிவுக்கு இது நல்ல பலன்தான், ஆனா "சொன்னா விட்டுடுவாங்க"ன்னு யாரும் நினைக்க வேண்டாம். இ-சிகரெட் இல்லாமலும் இது நடந்திருக்கு. அமெரிக்காவுல நியூ ஹேவன்ல செஞ்ச ஆய்வு, 2015-ல வெளிவந்தது. 6 வாரத்துக்கான நிக்கோடின் பட்டையும் (தோல்ல ஒட்டற பேட்ச்) சூயிங்கமும் கையில கொடுத்தாங்க, முதல் பட்டையை எமர்ஜென்சியிலயே ஒட்டினாங்க, ஊக்கப்பேச்சு ஒண்ணு, புகையை விட போன்லயே உதவற குவிட்லைனுக்குத் தகவல். 3 மாசத்துல 12.2 சதவீதம், மத்தவங்க 4.9. ரெண்டு ஆய்வுலயும் பொதுவானது ஒண்ணுதான்: மருந்து கையில போச்சு, பேர் இன்னொருத்தர்கிட்ட போச்சு. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி கேட்டுக்கும் டீக்கடைக்கும் பத்தடி. கையில ஒண்ணும் இல்லாம வெளியே போனா நம்ம அறிவுரை அந்தப் பத்தடி கூடத் தாங்காது.

கேட்கற நேரம். மாஸ்க் மாட்டி மூச்சு வாங்கும்போது கேட்காதீங்க. ரெண்டாவது நெபுலைசேஷன் முடிஞ்சு ஒரு முழு வாக்கியம் பேச முடியுதுன்னா அதுதான் நேரம். நெஞ்சுவலின்னா வலி அடங்கி, ஈசிஜி, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கற நேரம். எலும்பு முறிவுன்னா கட்டுப் போடும்போது. புகை பிடிச்சா எலும்பு கூடறது தள்ளிப்போகும், காயமும் லேசுல ஆறாதுன்னு சொன்னா அங்கேயே காதுல விழும். தலையில அடிபட்டவர், போதையில இருக்கறவர், விஷம் குடிச்சவர் இவங்களை அப்போதைக்கு விட்டுடுங்க, வார்டுல பார்த்துக்கலாம்.

கேட்கற விதம்தான் பாதி வேலை. "பீடி குடிக்கிறீங்களா?"ன்னு கேட்டா, "விட்டுட்டேங்க"ன்னு வரும். அது நேத்து ராத்திரி விட்டதா இருக்கும். "கடைசியா எப்போ பிடிச்சீங்க?"ன்னு கேளுங்க. சம்சாரமும் மகனும் நின்னா கணக்கு பாதியாகும். ஓ.பி. சீட்டு பதிய அவங்களை அனுப்பிட்டுக் கேளுங்க. அடுத்த கேள்வி: "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" நிமிஷக் கணக்கு வராதவங்ககிட்ட "பல் விளக்கறதுக்கு முந்தியா, பிந்தியா?"ன்னு கேட்டா போதும். முந்தின்னா பழக்கம் ஆழமா இருக்கு.

அளவுகோல் வேணும்னா ரெண்டே கேள்வி. எழுந்து 5 நிமிஷத்துக்குள்ளன்னா 3 புள்ளி, 6-30 நிமிஷம் 2, 31-60 நிமிஷம் 1, அதுக்கு மேல 0. நாளுக்கு 10 வரை 0, 11-20க்கு 1, 21-30க்கு 2, 31-க்கு மேல 3. கூட்டி 4-ம் அதுக்கு மேலயும் வந்தா கனமான அடிமைத்தனம். சிகரெட்டுக்காகச் செஞ்ச கணக்கு இது. பீடியில எண்ணிக்கைப் புள்ளியை ரொம்ப நம்பாதீங்க, முதல் பீடி நேரத்தை நம்புங்க.

இன்னொண்ணு, பலருக்கும் விட்டுப்போறது. புகைச்சு வந்தவரோட விரல் மானியில (பல்ஸ் ஆக்சிமீட்டர்) ஆக்சிஜன் 96-ன்னு காட்டினா அப்படியே எடுத்துக்காதீங்க. கார்பன் மோனாக்சைடு ஒட்டின ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன்னே எண்ணும். அறைக் காற்றுல அது பாதியாகறதுக்கே 4-5 மணி நேரம் ஆகும். இதை நோயாளிகிட்ட நல்ல சேதியாவும் சொல்லலாம்: "இப்போ விட்டா, நாளைக்குக் காலையில ரத்தத்துல இருக்கற நச்சுக் காத்து பெரும்பாலும் போயிடும்."

பதில் 2: மருந்துக்கட்டு (மருந்தாளுநர், ஓசூர்)

கையில் கொடுக்க நம்மிடம் இருப்பது நிக்கோடின் சூயிங்கம். 2 மி.கி. டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மி.கி.க்குச் சீட்டு வேண்டும். எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் பீடி என்றால் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. 2022-ன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோடின் மாற்று மருந்து சேர்ந்துவிட்டது. மருந்து கேட்டு இன்டென்ட் போடும்போது அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கம் தோற்பது மருந்தால் அல்ல, மெல்லும் விதத்தால். மிட்டாய்க் கம் போலச் சவக்கென்று மென்றால் நிக்கோடின் எல்லாம் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். "எனக்கு ஒத்துக்கலை" என்று மறுநாளே தூக்கிப்போடுவார். படுக்கை அருகே நின்று முதல் கம்மை மெல்லவைத்துக் காட்டுங்கள்: மெதுவாக 10-15 தடவை மெல்ல வேண்டும். நாக்கில் மிளகு பட்டதுபோல் சுருக்கென்று தெரியும். தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, இந்தத் தடவை அடுத்த பக்கம். இப்படி 30 நிமிடம். நம் பக்கத்தில் இதற்கு ஒரே வாக்கியம் போதும்: "புகையிலையைக் கடைவாயில் அடக்குற மாதிரி அடக்குங்க." உடனே புரிந்துவிடும்.

மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தும், மெல்லும்போதும் டீ, காபி, சோடா, எலுமிச்சை ஜூஸ் எதுவும் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோடின் உறிஞ்சாது. டீ கிளாஸும் கம்மும் ஒன்றாகப் போகிறவருக்குத்தான் "கம் வேலை செய்யல". டீ குடித்தால் வாய் கொப்பளித்து, கால்மணி நேரம் விட்டு மெல்லச் சொல்லுங்கள்.

அளவு: முதல் 6 வாரம் 1-2 மணிக்கு ஒன்று, 7-9 வாரம் 2-4 மணிக்கு ஒன்று, 10-12 வாரம் 4-8 மணிக்கு ஒன்று. 2 மி.கி.க்கு நாளுக்கு 24 உச்சம். யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. நாலு கம்மோடு நிறுத்திவிட்டுத் தவிப்பதுதான் வழக்கம். "ஆசை வந்தால் மெல்லுங்க" என்று சொல்லவே வேண்டாம். புகையில் நிக்கோடின் மூளைக்கு 10-20 நொடியில் ஏறும், கம்மில் ஏற 20-30 நிமிடம் ஆகும். ஆசை வந்த பிறகு மென்றால் அது வருவதற்குள் கை தீப்பெட்டிக்குப் போயிருக்கும். மணி பார்த்து மெல்ல வேண்டும். நாளுக்கு 10 வீதம் ஒரு வாரத்துக்கு 70; டிஸ்சார்ஜ் அன்று அவ்வளவாவது கையில் இருக்கட்டும்.

பல் இல்லாதவர், பல்செட் கட்டியவர், தாடை முறிந்தவர்களுக்குக் கம் வேண்டாம். முதல் இருவருக்கும் சப்பும் மாத்திரை, தாடைக்காரருக்குப் பட்டை. பட்டையின் கணக்கு: நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் 21 மி.கி. 6 வாரம், 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். 10-க்குள் என்றால் 14-ல் தொடங்கலாம். முடி இல்லாத, எண்ணெய் இல்லாத தோலில், தினம் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். கெட்ட கனவு வந்தால் இரவில் கழற்றிவிடலாம். எம்ஆர்ஐ எடுக்கும் முன் கட்டாயம் கழற்றுங்கள். சில பட்டையின் பின்புறத்தில் உலோகத் தாள் இருக்கும், தோல் சுடும். பட்டையும் கம்மும் சேர்ந்தால் தனித்தனியைவிடப் பலன் அதிகம்.

பதில் 3: நெஞ்சகம்_கிருஷ்ணகிரி (நுரையீரல் மருத்துவம்)

மருந்தாளுநர் சொன்னதெல்லாம் சரி. பீடி பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

பீடியில தூள் குறைவு, 0.2 கிராம் அளவுதான். அதனால "பீடிதானே, சிகரெட் இல்லையே"ன்னு நோயாளியும் சொல்வார், நம்ம ஆளுங்களும் சொல்வாங்க. இலை சுலபமா அணையும். அணையாம இருக்க அடிக்கடி, ஆழமா இழுக்கணும். அந்த இழுப்புல நிக்கோடின், கார்பன் மோனாக்சைடு, தார் எல்லாம் சிகரெட்டுக்குக் குறையாமலும் சமயத்துல கூடவும் போகுது. எண்ணிக்கை கேட்கும்போது "ஒரு கட்டு எத்தனை நாளைக்கு வரும்?"னு கேளுங்க. கட்டுல இருக்கற எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பையிலிருந்து கட்டையே எடுத்து எண்ணிடுங்க. கேஸ் ஷீட்டுல எழுத: நாளுக்கு எத்தனை × எத்தனை வருஷம். 100 வரை லேசு, 300 வரை நடுத்தரம், 300-க்கு மேல கனம். நாளுக்கு 20 பீடி, 25 வருஷம்னா 500. இந்தப் பக்கம் கிரானைட் குவாரி வேலைக்காரர்னா கல்தூசியும் சேரும், சளிப் பரிசோதனையையும் தவறவிடாதீங்க.

இப்போ யாருமே சொல்லாத ஒண்ணு. மூச்சுத்திணறல்காரர் பலர் மூச்சுக்குழாயை விரிக்கற தியோபிலின் மாத்திரையில இருப்பாங்க. புகையில இருக்கற கரிச்சேர்மங்கள் கல்லீரலோட ஒரு என்சைமை முடுக்கிவிடும். அதனால தியோபிலின் சீக்கிரம் கரைஞ்சுபோகும். அவர் பீடியை நிறுத்தினதும் சில நாள்ல அந்த முடுக்கம் குறையும். அதே மாத்திரை, அதே அளவு, ரத்தத்துல மட்டும் மருந்து ஏறிக்கிட்டே போகும். குமட்டல், வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை. அவர் என்ன முடிவு பண்ணுவார்? "பீடியை விட்டது உடம்புக்கு ஒத்துக்கலை." மறுபடி பத்தவைப்பார், படபடப்பும் அடங்கும், நம்பிக்கை உறுதியாகிடும். கூடவே சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தா இன்னும் மோசம், அதுவும் அதே என்சைமைத் தடுக்கும். விடறவருக்குத் தியோபிலின் அளவை டாக்டர் மறுபடி பார்க்கணும்னு சீட்டுல எழுதுங்க. நிக்கோடின் கம் கொடுத்தா இது சரியாகாது, காரணம் நிக்கோடின் இல்லை, புகை. மனநல மருந்துல ஓலன்சபின், குளோசபின் சாப்பிடறவங்களுக்கும் இதே கதைதான். காபியும் முன்னைவிட அதிகமாத் தலைக்கேறும்.

முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது இன்னும் ரெண்டு. விட்ட சில நாள்ல இருமலும் சளியும் கூடலாம். மூச்சுக்குழாய் முடிகள் மறுபடி வேலை ஆரம்பிச்சுட்டதுன்னு அர்த்தம், கெட்டது இல்லை. ரெண்டாவது, "பீடி இல்லாம வெளிக்குப் போகாது"ன்னு நிறையப் பேர் சொல்வாங்க, சிரிக்காதீங்க. நிக்கோடின் நின்னா மலச்சிக்கல் நிஜமாவே வரும். காலையில எழுந்ததும் ரெண்டு டம்ளர் வெந்நீர், ராகிக் களியோட கீரை, தேவைன்னா ராத்திரி இசப்கோல். முதல் வாரம் இதைக் கவனிக்காம விட்டா காலை முதல் பீடி திரும்பி வந்துடும்.

விரல் கருத்த கால், இளவயசு, கனமான பீடிப் பழக்கம்னா பர்கர் நோயான்னு (புகையிலையால கை, கால் ரத்தக்குழாய் அடைபடறது) பாருங்க. அவங்களுக்கு மட்டும் நிக்கோடின் கம், பட்டை எதுவும் நல்லதில்லை. நிக்கோடினே ரத்தக்குழாயைச் சுருக்கும், நோய் அடங்காது. ஒரு பீடி கூடக் கூடாதுங்கற கேஸ் இது. நிக்கோடின் இல்லாத மாத்திரை வழிதான்.

வார்டு_விளக்கு

சார், தியோபிலின் விஷயம் குறிப்புல முதல் பக்கத்துல போயிடும். ரெண்டு சந்தேகம். மாரடைப்புல வந்தவருக்கு நிக்கோடின் கொடுக்கலாமா? அப்புறம் அட்மிட் ஆன ரெண்டாம் நாள் கட்டில்ல நிலைகொள்ளாம, ஐ.வி. லைனைப் பிடுங்கற நோயாளி. அது பீடி ஏக்கமா, சரக்கு ஏக்கமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பதில் 4: இரவு_டியூட்டி

ரெண்டாவதை முதல்ல சொல்றேன், அதுல தப்பினா உயிர் போகும். நாடியைப் பிடிங்க. நிக்கோடின் நின்னா நாடி பொதுவா குறையும். எரிச்சல், பசி, தூக்கமின்மை இருக்கும், ஆனா ஆள் தெளிவா இருப்பார். குடி நின்னா நாடி வேகமாகும், கை நடுங்கும், வேர்க்கும், பி.பி. ஏறும், இல்லாததைப் பார்ப்பார். வலிப்பு 6-48 மணி நேரத்துக்குள்ள, சித்தப்பிரமை 48-96 மணி நேரத்துல. ரெண்டும் சேர்ந்தே இருக்கறது அதிகம். நாடி 110, கை நடுங்குதுன்னா கம்மைத் தேடாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க.

இதனாலதான் எமர்ஜென்சியில, புகையை விட உதவற நிக்கோடின் இல்லாத புப்ரோபியான் மாத்திரையை லேசா எழுதக்கூடாதுன்னு சொல்றேன். வலிப்பு வரம்பை அது இறக்கும். தலைக்காயம், வலிப்பு நோய், திடீர்னு குடி நின்னவர், உணவுக் கோளாறு உள்ளவர் யாருக்கும் கூடாது. மத்தவங்களுக்கு 3 நாள் 150 மி.கி. ஒரு வேளை, அப்புறம் ரெண்டு வேளை, 7-12 வாரம். வேலை செய்ய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்.

மாரடைப்பு: முதல் 2 வாரத்துலயும், இதயத்துடிப்புக் கோளாறு இருந்தாலும், நிக்கோடின் கொடுக்க எச்சரிக்கை எழுதியிருக்கும். அதனால நர்ஸ் தானா ஆரம்பிக்க வேண்டாம், இதய டாக்டர் முடிவு பண்ணட்டும். ஆனா கம்மையும் ஒண்ணுமில்லாததையும் ஒப்பிட்டா தப்பு. கழிப்பறைக்குப் போய் ரகசியமாப் பிடிக்கற பீடியோட ஒப்பிடணும். அதுல நிக்கோடினும் உண்டு, கார்பன் மோனாக்சைடும் உண்டு, ரத்தம் உறையற தன்மையும் கூடும். இன்னொரு வழி வரெனிக்ளின், இதுவும் புகையை விட உதவற நிக்கோடின் இல்லாத மாத்திரை. மாரடைப்பு வகை நோயோட அட்மிட் ஆனவங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே தொடங்கின ஈவிடா ஆய்வுல 24 வாரத்துல 47.3 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க, போலி மாத்திரையில 32.5. முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4-7 நாள் 0.5 ரெண்டு வேளை, 8-ம் நாள் முதல் 1 மி.கி. ரெண்டு வேளை, மொத்தம் 12 வாரம். சிறுநீரகம் ரொம்பப் பழுதா இருந்தா 0.5 ரெண்டு வேளைக்கு மேல போகாதீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம், முழு டம்ளர் தண்ணியோட, இல்லைன்னா குமட்டும்.

ஆக்சிஜன் ஓடற கட்டில்ல தலையணைக்கடியில, டவுசர் பையில தீப்பெட்டி இருக்கான்னு ஒவ்வொரு ஷிஃப்டும் பாருங்க.

பதில் 5: வீதி_சுகாதாரம் (களப்பணி, பெண்ணாகரம்)

தொடர்வது பற்றி. ஆஸ்பத்திரியில் பேசியது பலிக்க வேண்டுமென்றால் வீட்டுக்குப் போன பிறகு குறைந்தது ஒரு மாதம் யாராவது தொடர வேண்டும். கட்டிலோடு நிறுத்தினால் பெரிதாகப் பலனில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. ஏக்கம் 2-3 நாளில் உச்சத்துக்குப் போகும், 2-4 வாரத்தில் தணியும். ஆகவே முதல் போன் மூன்றாம் நாள். பிறகு 7, 14, 30.

போன் நம்பர் வாங்கும்போது நோயாளி கொடுப்பது பெரும்பாலும் மகனுடையது. மகன் ஓசூர் கம்பெனியில் ஷிஃப்டில் இருப்பான். இரண்டு நம்பர் வாங்குங்கள், பக்கத்தில் யாருடையது என்று எழுதுங்கள், எத்தனை மணிக்குக் கூப்பிடலாம் என்றும் கேளுங்கள். அஞ்செட்டி, சித்தேரி மலை என்றால் சிக்னலை நம்ப முடியாது. அங்கே மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடம் பெயர் சொல்லிவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டமே தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்குப் போகிறவர்கள், "பீடி எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்பது கூடுதல் சுமை இல்லை.

தேசிய குவிட்லைன் 1800-11-2356. கட்டணம் கிடையாது. தென்மாநில மொழிகளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸில் பேசுகிறார்கள். தமிழ் மட்டுமல்ல, தெலுங்கு, கன்னடமும் உண்டு, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்கு அது முக்கியம். காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. 2018 செப்டம்பரிலிருந்து இந்த நம்பர் பீடிக்கட்டு, சிகரெட் பெட்டி மேலேயே அச்சாகிறது. நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள், யாரும் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவதில்லை. ட்ரிப் இறங்கும்போதே அவருடைய போனிலிருந்து போட்டுக் கொடுங்கள். போன் பேசத் தயங்குகிறவர் 011-22901701-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வரும். படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும்.

கூட இருக்கும் மகனும் புகைக்கிறானா என்று பாருங்கள். அப்பாவுக்கு கம், மகனுக்கு வாசலில் சிகரெட் என்றால் வீட்டில் கம் ஒரு வாரம் தாங்காது.

வார்டு_விளக்கு

எல்லாருக்கும் நன்றி. தனி ரிஜிஸ்டர் வச்சா நிரப்ப ஆள் இருக்காது. அதனால கேஸ் ஷீட்டுல அடிக்க ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அஞ்சு வரி: கடைசியாப் பிடிச்ச நேரம் / முதல் பீடி, பல் விளக்கறதுக்கு முந்தியா பிந்தியா / கம் 2, 4 அல்லது வேண்டாம் (இதயம், பர்கர், பல் இல்லை) / தியோபிலின் உண்டா / போன் போட்டாச்சா, ரெண்டு நம்பர். நோயாளி கையில தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டு. ஏதாவது விட்டுப்போச்சா?

மருந்துக்கட்டு

கம் வரியில் "முதல் கம் முன்னால் மெல்லவைத்தோம்" என்று ஒரு டிக் பெட்டி சேர்த்துவிடுங்கள். தமிழ்ச் சீட்டில் டீக்கும் கம்மும் நடுவே 15 நிமிடம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், மற்றதெல்லாம் சின்ன எழுத்தில் இருந்தால் போதும்.